சுங்கான் தண்டு இழைக்க எந்த பெல்ட் சாண்டர்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கான் என்றாலும் பைப் என்றாலும் பொருள் ஒன்றுதான். புகையிலை எரியும் கிண்ணத்தையும் அதன் கழுத்தையும் பிரையர் வேர்க்கட்டையில் ஒரே துண்டாகச் செய்வார்கள். கழுத்துக்குள் ஒரு முனை செருகி, மறுமுனை பல்லுக்கு இடையில் நிற்கும் துண்டு தண்டு. தொழிற்சாலைச் சுங்கான்களில் பெரும்பாலும் அச்சில் வார்த்த தண்டுதான் இருக்கும். கையால் செய்பவர்கள் எபொனைட் என்ற கெட்டி ரப்பர் அல்லது அக்ரிலிக் பிளாஸ்டிக் கம்பியை வெட்டி, துளையிட்டு, இழைத்து எடுக்கிறார்கள். கீழே உள்ளவை அந்த இழைப்பு வேலைக்குப் பெல்ட் சாண்டர், அதாவது உப்புத்தாள் பட்டை வளையமாக ஓடும் இயந்திரம், தேடுபவர்களின் கேள்விகள்.

அடிக்கடி வரப்போகும் மூன்று பெயர்கள்: கழுத்துக்குள் செருகும் உருளை முனை டெனன். வாயில் நழுவாமல் இருக்கக் கடைசியில் தடித்து நிற்கும் விளிம்பு பட்டன். பட்டனை ஒட்டி, பல் படியும் மெல்லிய இடம் கடிபகுதி.

பெல்ட் சாண்டர் இல்லாமல் தண்டு செய்யவே முடியாதா?

முடியும். நல்ல அரம் இரண்டும் உப்புத்தாளும் இருந்தால் போதும். ஆனால் 18 மி.மீ. உருண்டைக் கம்பியை 4 மி.மீ. தடிமனுக்கு இறக்க வேண்டும். அரத்தால் மட்டும் என்றால் ஒரு தண்டுக்கே பாதி நாள் போகும், கையும் ஓயும். சாண்டர் மிச்சப்படுத்துவது இந்த முரட்டு வேலையை மட்டும்தான். இறுதி வடிவத்துக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் முன்பே பெல்ட்டை விட்டு விலகி, மீதியை அரத்திடம் ஒப்படைக்க வேண்டும். முழுத் தண்டையும் பெல்ட்டிலேயே முடித்துவிடலாம் என்ற எண்ணத்தில் இயந்திரம் தேடினால் தேவைக்கு மீறியதை வாங்கிவிடுவீர்கள்.

வாங்கும்போது முதலில் எதைப் பார்ப்பது? குதிரைத்திறனா, பெல்ட் அகலமா?

இரண்டும் பிறகு. முதலில் வேகம், அதைக் குறைக்க வழி இருக்கிறதா என்பது.

காரணம் பொருளில் இருக்கிறது. எபொனைட் என்பது கந்தகம் ஏராளமாகச் சேர்த்து இறுக்கிய ரப்பர். டயர் ரப்பரில் கந்தகம் சில சதவீதம்தான், எபொனைட்டில் கால்பங்கையும் தாண்டும். 80 டிகிரி செல்சியஸ் நெருங்கும்போதே அது இளகத் தொடங்கும். அக்ரிலிக் 100 டிகிரியை ஒட்டி இளகும். பெல்ட் உரசும் இடத்தில் இந்தச் சூடு வர சில வினாடிகள் போதும். எபொனைட் என்றால் அழுகிய முட்டை நாற்றம் எழும், தேய்த்த முகம் பளபளப்பாகக் கருகும். அக்ரிலிக் என்றால் தூளாகப் போகாமல் கூழாகி பெல்ட்டில் அப்பிக்கொள்ளும்.

இன்னொரு தொல்லை வெளியே தெரியாது. எபொனைட் சூட்டை மிக மெதுவாகவே கடத்தும். தேய்படும் முகம் கொதிக்கும்போதும் பின்பக்கம் பிடித்திருக்கும் விரலுக்கு ஒன்றும் உறைக்காது. அதனால் இரண்டு மூன்று வினாடிக்கு ஒருமுறை தண்டை எடுத்து, தேய்த்த முகத்தையே விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலுக்குப் பொறுக்காத சூடு ஏறத்தாழ 50 டிகிரி. அது எபொனைட் இளகும் நிலைக்கு நன்றாகக் கீழே இருப்பதால் விரலே நம்பகமான வெப்பமானி.

முரட்டு வேலைக்கு வினாடிக்கு 6 முதல் 10 மீட்டர், மென்மையாக்கும் வேலைக்கு 3 முதல் 5 மீட்டர். இந்த எல்லைக்குள் பெல்ட் ஓடினால் சூடு கட்டுக்குள் இருக்கும். கத்தி செய்பவர்கள் எஃகுக்கு வினாடிக்கு 25 மீட்டர் வரை ஓட்டுவார்கள். அந்த வேகத்தில் தண்டை வைத்தால் அளவு பார்க்கும் முன்னே காற்றுத்துளை வெளியே தெரிந்துவிடும்.

என் இயந்திரத்தின் பெல்ட் வேகத்தை எப்படிக் கணக்கிடுவது?

மோட்டாரோடு சுழலும் சக்கரத்தின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, 3.14-ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றால் பெருக்கி, 60-ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 100 மி.மீ. சக்கரம் 2880 சுற்று மோட்டாரில் இருந்தால் வினாடிக்கு 15 மீட்டர். அதே சக்கரம் 1440 சுற்று மோட்டாரில் 7.5 மீட்டர். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் கடையில் கிடைக்கும் மோட்டார்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வகைதான். வேகத்தை மாற்றும் வசதி இல்லாத இயந்திரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 1440 சுற்றையே எடுங்கள்.

எந்த அளவு பெல்ட் நல்லது?

தண்டைப் பெல்ட்டுக்குக் குறுக்கே பிடித்துத்தான் இழைக்க வேண்டும். பட்டன் தடித்து நிற்பதால் அது பெல்ட் விளிம்புக்கு வெளியே இருந்தாக வேண்டும். நீளவாக்கில் வைத்தால் பட்டனும் சேர்ந்து போய்விடும். பெல்ட்டின் அகலம் ஏன் முக்கியம் என்பது இதிலிருந்தே புரியும்.

1×30 அங்குலம், அதாவது 25×762 மி.மீ.: மேசைமேல் வைக்கும் சிறிய இயந்திரம், மலிவு, இடம் அடைக்காது. அமெரிக்காவில் பொழுதுபோக்காகச் சுங்கான் செய்பவர்கள் பலர் இதில்தான் தொடங்குகிறார்கள். இரண்டு குறைகள் உண்டு. 25 மி.மீ. அகலத்தில் 60–70 மி.மீ. நீளத் தண்டை ஒரே தளமாக இறக்க, கையை இடமும் வலமும் ஓயாமல் நகர்த்த வேண்டும். ஒரு இடத்தில் நின்றால் பெல்ட் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழும். இரண்டாவது, இவற்றில் பெரும்பாலானவை ஒரே வேகத்தில், வினாடிக்கு 15 மீட்டருக்கு மேல் ஓடும். பெல்ட்டும் குட்டை. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 762 மி.மீ. பெல்ட்டின் ஒவ்வொரு துகளும் வினாடிக்கு 13 முறை தண்டைத் தொடும். 1830 மி.மீ. பெல்ட்டில் அது ஐந்தரை முறைதான். நீளமான பெல்ட்டுக்கு ஆறுவதற்கு நேரம் கிடைக்கிறது.

1×42, அதாவது 25×1067: மேலே சொன்னதன் வலுவான அண்ணன். சட்டமும் தாங்கிகளும் உறுதி. அகலக் குறை அப்படியே இருக்கிறது.

2×42 மற்றும் 2×48: தண்டு வேலைக்கு மட்டும் ஒரே ஒரு இயந்திரம் என்றால் எங்கள் வாக்கு இதற்குத்தான். 50 மி.மீ. அகலத்தில் தண்டின் பெரும்பகுதி ஒரே சமயத்தில் படிகிறது, பள்ளம் விழுவது குறைகிறது. அரை முதல் ஒரு குதிரைத்திறன் தாராளம்.

2×72, அதாவது 50×1830: கத்திக்காரர்களின் இயந்திரம். எல்லா வகைப் பெல்ட்டும் இந்த அளவில் கிடைக்கும். இயந்திரத்தின் இணைப்புக் கைகளை மாற்றிப் பொருத்தி, சிறு சக்கரம், தட்டைப் பலகை, தொய்வுப் பகுதி என்று எதையும் பயன்படுத்தலாம். வேகக் கட்டுப்பாட்டோடு இருந்தால் இதைவிடச் சிறந்தது இல்லை, இல்லாவிட்டால் இதைவிட ஆபத்தானதும் இல்லை. தண்டோடு பிரையர் கிண்ணத்தையும் இதிலேயே வடிவமைக்க நினைப்பவர்கள் செலவழிக்கலாம்.

4×36: தச்சு வேலைக்கானது. பலகையின் ஓரத்தைச் சமன் செய்யும், தண்டின் வளைவுக்குள் நுழையாது.

மின்விசிறி ரெகுலேட்டரைப் போட்டு வேகத்தைக் குறைக்கலாமா?

கூடாது. கெப்பாசிட்டர் வைத்த ஒற்றைப் பேஸ் மோட்டாருக்கு மின்னழுத்தத்தைக் குறைத்தால் சுற்றுக்கு முன்பு முறுக்குவிசை போய்விடும். தண்டை வைத்ததும் நின்று, உறுமி, சுருள் எரியும்.

முறையான வழி மூன்று பேஸ் மோட்டாரும் வி.எஃப்.டி. என்ற அதிர்வெண் மாற்றியும். 0.75 கிலோவாட் போதும். வீட்டு 230 வோல்ட் ஒற்றைப் பேஸை வாங்கி மூன்று பேஸாகத் தரும் வகையைக் கேளுங்கள். அது தருவதும் 230 வோல்ட்தான். எனவே மோட்டாரின் பெயர்ப்பலகையில் 230/400 அல்லது 240/415 என்று இரண்டு எண் இருக்க வேண்டும், முனைகளை டெல்டாவாக இணைக்க வேண்டும். 415 என்று மட்டும் எழுதி, மூன்றே கம்பி வெளியே வந்திருந்தால் அந்த மோட்டார் இதற்கு உதவாது. 100 மி.மீ. சக்கரமும் 1440 சுற்று மோட்டாரும் இருந்தால் 50 ஹெர்ட்ஸில் வினாடிக்கு 7.5 மீட்டர், 20 ஹெர்ட்ஸில் 3 மீட்டர். தண்டுக்குத் தேவையான எல்லை கிட்டத்தட்ட முழுவதும் ஒரே குமிழில் கிடைத்துவிடுகிறது. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் சொந்த விசிறி மெதுவாகிச் சூடேறும். தொட்டுப் பார்த்து இடைவெளி விடுங்கள். வி.எஃப்.டி. பெட்டியைத் தூசி படாத இடத்தில் மாட்டுங்கள் அல்லது மூடிய உறை உள்ளதாக வாங்குங்கள்.

செலவு கட்டுப்படியாகாது என்றால் படிக் கப்பி. மோட்டாரில் 50 மி.மீ., சக்கர அச்சில் 100 மி.மீ. கப்பி வைத்தால் வேகம் பாதி. ஓட்டத்தின் நடுவே மாற்ற முடியாது, ஆனால் கெட்டுப்போக இதில் எதுவும் இல்லை.

அமெரிக்காவிலிருந்து உறவினர் ஒரு இயந்திரம் கொண்டுவருகிறார். இங்கே ஓடுமா?

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் 230 வோல்ட்டை ஒட்டிய, 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நேரடியாகச் செருகினால் மோட்டார் புகையும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஓடும், ஆறில் ஒரு பங்கு மெதுவாக. தண்டு வேலைக்கு அந்த மெதுவு நல்லதுதான், ஆனால் 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்த மோட்டார் 50-இல் கூடுதலாகச் சூடாகும். அங்குல அளவுப் பெல்ட் உள்ளூரில் கிடைக்காமல் போவது அதைவிடப் பெரிய தலைவலி. இயந்திரத்தைக் கேட்கும் முன் பெல்ட் கடையில் கேளுங்கள்.

தட்டைப் பலகை, தொய்வுப் பகுதி, சிறு சக்கரம் – எது எதற்கு?

தட்டைப் பலகை என்பது பெல்ட்டின் முதுகைத் தாங்கும் இரும்புத் தகடு, பெயர் பிளாட்டன். கழுத்திலிருந்து கடிபகுதி வரை சீராக மெலியும் ஆப்பு வடிவத்தின் மேல், கீழ் தளங்களை இறக்க அதுதான் வேண்டும். வெறும் இரும்பில் பெல்ட்டின் முதுகும் உரசிச் சூடாகும். கிராஃபைட் பூசிய கித்தான் பட்டையை அதன்மேல் ஒட்டினால் உரசல் குறையும், தளமும் கொஞ்சம் மென்மையாகும். எஃகு அளவுகோலை பிளாட்டன்மேல் நிறுத்தி ஒளி ஊடுருவுகிறதா பாருங்கள். குழி விழுந்த பிளாட்டனில் தண்டு ஒருபோதும் நேராக வராது.

பின்னால் தாங்கல் இல்லாத தொய்வுப் பகுதி ஓரங்களை உருட்டுவதற்கு. தளத்தை அங்கே இறக்க முயன்றால் நடுவில் எடுக்காமல் ஓரத்தை மட்டும் தின்னும்.

சிறு சக்கரம், ஏறத்தாழ 20 முதல் 40 மி.மீ. விட்டம், சேடில் வகைத் தண்டுக்கு. கழுத்தை ஒட்டி உருண்டையாக நின்று, திடீரென்று தட்டையாக இறங்கும் தண்டு அது. அந்த இறக்கத்தின் உட்குழிவைச் சக்கரம் முரட்டாக எடுத்துத் தரும், மீதி அரைவட்ட அரத்துக்கு. சேடில் செய்ய மாட்டேன், ஆப்பு வடிவம் மட்டும்தான் என்றால் சிறு சக்கரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

கடையில் நின்று எதைச் சோதிப்பது?

மின்சாரத்தை நிறுத்தி பெல்ட்டைக் கையால் சுற்றுங்கள். பிறகு ஓட்டி, வழிப்படுத்தும் திருகைச் சிறிது திருப்புங்கள். பெல்ட் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். நிற்காமல் இங்கும் அங்கும் அலைந்தால் மேல் சக்கரத்தின் தாங்கி ஆடுகிறது அல்லது சக்கரத்தின் நடுமேடு தேய்ந்திருக்கிறது. தண்டு வேலையில் இது சின்னக் குறை அல்ல. பட்டனின் தோள், அதாவது கடிபகுதியிலிருந்து பட்டன் எழும் படி, பெல்ட் விளிம்பால் வெட்டப்படுகிறது, விளிம்பு அலைந்தால் பட்டனும் அலையும். பெல்ட்டை பிளாட்டனின் வலது ஓரத்துக்கு 1–2 மி.மீ. வெளியே நிற்கும்படி வழிப்படுத்த முடிகிறதா என்பதையும் பாருங்கள். அப்படி நீட்டி நிற்கும் விளிம்பு வளைந்துகொடுப்பதால் தோளருகே கீறல் ஆழமாக விழாது. உறை குறுக்கே வந்து தடுக்கும் இயந்திரங்களும் உண்டு.

எந்தப் பெல்ட், எந்த கிரிட்?

கிரிட் என்பது துகளின் நுண்மையைச் சொல்லும் எண்; எண் கூடினால் துகள் சிறியது. தொடக்கம் பி120. அதன் துகள் சராசரியாக 125 மைக்ரான். பி80-இல் 200 மைக்ரான், வேகமாகத்தான் எடுக்கும், ஆனால் அதன் கீறலை அழிக்கவே இன்னும் கால் மில்லிமீட்டர் எடுக்க வேண்டியிருக்கும். கடிபகுதியில் அந்தக் கால் மில்லிமீட்டர் இருக்காது. பி120-க்குப் பிறகு பி240, வேண்டுமானால் பி400, அதோடு பெல்ட் போதும். அதற்கு மேல் கையால், தண்ணீர் தொட்டு, 600 முதல் 2000 வரை.

எண்ணுக்கு முன் பி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய அமெரிக்க முறை 400 ஏறத்தாழ ஐரோப்பிய பி800-க்குச் சமம். 220 வரை இரண்டும் ஒன்றுபோல இருந்து, அதன்பின் விலகிப் போகின்றன. ‘400 போட்டும் வெட்டவே மாட்டேன் என்கிறது’ என்ற புலம்பலுக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

துகள் அலுமினியம் ஆக்ஸைடு போதும். செராமிக் பெல்ட் எஃகுக்கு, இங்கே அது வீண். முதுகுத்துணி முக்கியம்: ஜே என்று குறித்த மெல்லிய வளையும் துணி தண்டுக்கு ஏற்றது, எக்ஸ் என்ற கனத் துணி ஓரத்தில் கத்திபோல நின்று கோடு போடும். இணைப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறியதாக இல்லாமல், முனையோடு முனை சேர்த்து நாடா ஒட்டியதாக இருக்கட்டும். ஏறிய இணைப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு தட்டும். அந்தத் தட்டல்தான் பளபளப்பாக்கிய பிறகு அலை அலையாகத் தெரிகிறது. 3எம் நிறுவனத்தின் டிரைசாக்ட் வகை, பிரமிடு அடுக்காகத் துகள் அமைந்த பெல்ட், ஏ45 என்ற எண்ணில் பி400-க்கு நிகர். விலை அதிகம், கீறல் சீராக இருக்கும்.

ஆப்பு வடிவத் தண்டை பெல்ட்டில் இறக்கும் வரிசை என்ன?

பெல்ட்டுக்கு வருமுன் மூன்று வேலை முடிந்திருக்க வேண்டும்: காற்றுத்துளை, டெனன், பட்டன் பக்கத்து வாய்ப்பிளவு. கழுத்துப் பக்கம் 4 மி.மீ. துளை, பட்டனை நெருங்கும்போது 2 மி.மீ. அளவுக்குக் குறுகி, வாயில் அகலமாக விரியும். கம்பி இன்னும் தடிமனாக இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும். மெல்லிதான பிறகு பிளவு வெட்டினால் சுவர் உடையும்.

டெனனைக் கையால் பிடிக்காதீர்கள். ஒரு விரற்கடைக் கனமுள்ள மரத்துண்டில் டெனன் அளவுக்குத் துளையிட்டு அதில் செருகுங்கள். அதுவே கைப்பிடி, டெனனின் தோளுக்கும் அதுவே காவல். கம்பியின் இரு பக்கமும் நடுக்கோடு கீறி வெள்ளைப் பென்சிலால் நிரப்புங்கள். கறுப்பு எபொனைட்டில் அது இல்லாமல் சமச்சீர் வராது. பட்டன் முனையிலிருந்து 5 மி.மீ. தள்ளி நாடா சுற்றி எல்லை குறியுங்கள்.

பி120, வினாடிக்கு 7–8 மீட்டர். தண்டு கிடைமட்டமாக, பட்டன் பெல்ட்டின் வலது விளிம்புக்கு வெளியே, நாடாவுக்கு 2 மி.மீ. முன்னதாகப் பெல்ட் நிற்கட்டும். முதலில் கடிபகுதியை மேலிருந்து 2 மி.மீ. அளவு இறக்கி, அங்கிருந்து கழுத்து நோக்கிச் சாய்வாகக் கலக்குங்கள். பிறகு புரட்டி அடிப்பக்கம். ஒரே பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். துளை நடுவில் இருக்கிறது என்பதால் இருபுறமும் மாறி மாறித்தான் இறங்க வேண்டும். பத்து இழுப்புக்கு ஒருமுறை வெர்னியர் அளவியால் தடிமன் பாருங்கள்.

கணக்கு இதுதான். முடிந்த தண்டின் கடிபகுதி 4 மி.மீ. தடிமன் என்று வையுங்கள். உள்ளே பிளவு 1.8 மி.மீ. உயரம். மீதி 2.2, அதாவது மேலும் கீழும் 1.1 மி.மீ. சுவர். பெல்ட்டை 5 மி.மீ. வந்ததும் நிறுத்தினால் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் அரத்துக்கும் உப்புத்தாளுக்கும் மிஞ்சும். 4.5 வரை பெல்ட்டில் போகலாம் என்று சொல்பவர்கள் கை பழகியவர்கள். துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால் ஒரு பக்கச் சுவர் 0.6 ஆகிவிடும், பல் பட்டதும் விரிசல். அதனால் இறக்கும் முன் பட்டன் முனையில் துளை உண்மையிலேயே நடுவில்தானா என்று அளந்து, விலகியிருந்தால் நடுக்கோட்டை துளைக்கு ஏற்ப மாற்றிக் கீறுங்கள்.

தளங்கள் வந்ததும் நான்கு ஓரத்தையும் பிளாட்டனில் 45 டிகிரியில் சீவி, தொய்வுப் பகுதியில் லேசாக உருட்டுங்கள். பட்டனின் தோளை ஒரு ஓரம் பல் வெட்டாத தட்டை அரத்தால் முடியுங்கள். பல் இல்லாத ஓரம் பட்டனைப் பார்த்து இருந்தால் பட்டன் தேயாது.

கழுத்தும் தண்டும் சேரும் இடத்தில் படி விழுகிறது. ஏன்?

தண்டைத் தனியாக இழைத்து, பிறகு செருகிப் பார்ப்பதால். இணைப்பை ஒட்டிய 10–15 மி.மீ. பகுதியைச் செருகிய நிலையிலேயே, இரண்டையும் சேர்த்து, பி240-இல், மெதுவான வேகத்தில் எடுக்க வேண்டும். கிண்ணத்துக்கு இறுதி வடிவம் கொடுக்கும் முன்பே இதைச் செய்தால் இரண்டும் ஒரே கோடாக வரும். கிண்ணம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றால் பெல்ட் பக்கமே போகாதீர்கள், அரம்தான்.

இன்னொரு காரணம் தொய்வுப் பகுதி. தண்டைத் தனியாக அதில் வைத்தால் தோளின் கூர்மை உருண்டு, செருகும்போது ஒரு மயிரிழைப் பள்ளம் சுற்றிலும் தெரியும். மேலே சொன்ன மரக் கைப்பிடி தோளோடு நெருங்கிப் பொருந்தினால் இது நடக்காது.

அக்ரிலிக் பெல்ட்டில் அப்பிக்கொள்கிறது. என்ன செய்வது?

வேகத்தைப் பாதியாக்குங்கள், அழுத்தத்தையும். தூள் அப்பாமல் தடுக்கும் ஸ்டியரேட் பூசிய பெல்ட் கிடைத்தால் அதை இந்த வேலைக்கென்று ஒதுக்குங்கள். ஓடும் பெல்ட்டில் கிரேப் ரப்பர் கட்டியை வைத்தால் அப்பியது உரிந்து வரும், பெல்ட்டின் ஆயுள் இரட்டிப்பாகும். உருகிக் கெட்டித்த பிறகு எதுவும் செய்ய முடியாது. தேய்த்த தண்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். சூட்டால் உள்ளே இறுக்கம் ஏறிய அக்ரிலிக்கில் ஆல்கஹால் பட்டால் சிலந்திவலைபோல நுண்விரிசல் பரவும். சோப்புத் தண்ணீர் போதும்.

டெனனை டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் தனியாகச் செய்து எபாக்ஸியால் ஒட்டியவர்கள் சூட்டில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். சாதாரண எபாக்ஸி, எபொனைட் இளகும் முன்பே பிடியை விட்டுவிடக்கூடும்.

வளைந்த தண்டை எப்போது வளைப்பது?

பெல்ட் வேலை முழுக்க முடிந்து, அரமும் முடிந்த பிறகு. துளை நசுங்காமல் இருக்க உள்ளே பைப் துடைக்கும் கம்பி ஒன்றைச் செருகி, ஹாட் ஏர் கன் சூட்டில் வளைத்து, குளிர்ந்த நீரில் நிலைப்படுத்துவார்கள். வளைத்த எபொனைட்டைத் திரும்பச் சூடாக்கினால் அது பழைய நேர்வடிவத்துக்கே நிமிரப் பார்க்கும். அதனால்தான் வளைத்த தண்டை பெல்ட்டில் வைத்தால் கண்ணெதிரே வளைவு கெடுகிறது.

பெல்ட்டுக்குப் பதில் டிஸ்க் சாண்டர் ஆகாதா?

ஆகும். டென்மார்க்கில் சிக்ஸ்டன் இவர்சன் என்ற சுங்கான் கலைஞரின் வழிவந்த கைவினைப் பட்டறைகளில் சுங்கானின் உடலை வடிவமைப்பது பெரும்பாலும் டிஸ்க்கில்தான். தண்டின் தட்டையான தளங்களுக்கு அது அருமை. ஆனால் வேகம் ஒவ்வொரு புள்ளியிலும் மாறும்: 200 மி.மீ. டிஸ்க் 1440 சுற்றில் விளிம்பில் வினாடிக்கு 15 மீட்டர், பாதி ஆரத்தில் 7.5, மையத்தில் சுழி. எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதையே வேகக் குமிழாகப் பயன்படுத்தக் கை பழகவேண்டும். பழகியவர்கள் பெல்ட்டைத் தேட மாட்டார்கள்.

கையில் பிடிக்கும் சாண்டரைத் தலைகீழாகக் கட்டி வைக்கலாமா?

வேண்டாம். பெல்ட்டின் ஓரம் உறைக்குள் மறைந்திருக்கும், பட்டனுக்கு இடமே கிடைக்காது.

விரல் அகலப் பெல்ட் வைத்த பவர் ஃபைல்?

13×457 மி.மீ. வகை பட்டனை ஒட்டிய பள்ளத்துக்குள் நுழையும் என்பதால் ஆசை காட்டும். முதல் பத்துத் தண்டுகளுக்கு ஆசைப்படாதீர்கள். அந்த இடத்தில் சுவர் ஒரு மில்லிமீட்டர்தான்.

தூசிக்கு என்ன ஏற்பாடு?

எபொனைட் தூசி கரிபோல நுண்ணியது, கந்தக வாடை வீட்டுக்குள் நாள்கணக்கில் நிற்கும். பிரையர் தூசி மரத்தூசி. மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஐ.ஏ.ஆர்.சி. வைத்திருக்கிறது. சிறிய இயந்திரத்துக்குப் பெல்ட் கீழிறங்கும் இடத்தில் வேக்குவம் குழாய் வைத்தால் பெரும்பகுதி போய்விடும். 100 மி.மீ. குழாய் வைத்துப் பெரிய உறிஞ்சி போடுபவர்கள் மணிக்கு 550 கன மீட்டருக்குக் குறையாமல் இழுப்பதாகப் பார்க்கவேண்டும், அப்போதுதான் குழாய்க்குள் காற்று வினாடிக்கு 20 மீட்டர் ஓடி தூசி படியாமல் இருக்கும். இவ்வளவும் இருந்தாலும் என்95 அல்லது எஃப்.எஃப்.பி.3 முகமூடி கட்டாயம். துணிக்குட்டை போதாது.

கையுறை போடாதீர்கள், பெல்ட் பிடித்தால் விரலோடு இழுக்கும். துண்டு, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை எதுவும் வேண்டாம். இயந்திரத்தோடு வரும் சிறு மேசையைத் தண்டு வேலைக்குக் கழற்றிவிடுவது நல்லது. பெல்ட்டுக்கும் மேசைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் மெல்லிய தண்டு சிக்கினால் நொடியில் உடைந்து பறக்கும்.

கத்தி தீட்டும் நண்பரின் இயந்திரத்தைப் பகிர்ந்துகொள்ளலாமா?

பெல்ட்டை மாற்றிக்கொண்டால் மட்டும் போதாது. எஃகுத் தீப்பொறி அங்கே தேங்கிய எபொனைட் தூசியிலோ மரத்தூசியிலோ விழுந்தால் உறிஞ்சியின் பைக்குள் மணிக்கணக்கில் கனன்று பிறகு பற்றும். வேலை மாறும்போதெல்லாம் உறிஞ்சியைக் கழற்றி, உறைக்குள் இருக்கும் தூசியை முழுக்க எடுக்க வேண்டும். எஃகு தேய்த்த பெல்ட்டில் தங்கிய துகள் அக்ரிலிக்கில் ஆழமான கோடு போடும், அதை எந்தப் பளபளப்பு மெழுகும் மறைக்காது.

மொத்தமாக வாங்கிய பெல்ட்கள் ஓட்டத்தின் நடுவில் அறுந்துவிடுகின்றன. தரம் மோசமா?

பெரும்பாலும் வைத்திருந்த விதம். கடலோர ஊர்களின் ஈரத்தில் இணைப்பு நாடாவின் பசை இளகும், துணி சுருளும். ஆணியில் மாட்டினால் மடிப்பு விழுந்து அங்கேயே அறும். 100 மி.மீ.க்குக் குறையாத பி.வி.சி. குழாய்த்துண்டைச் சுவரில் பதித்து அதன்மேல் தொங்கவிடுங்கள், ஈரமான மாதங்களில் மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். மாட்டும் முன் இணைப்பை இரு விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். உள்பக்கத்து அம்புக்குறி ஓடும் திசையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வேலை முடிந்ததும் இழுவிசை நெம்புகோலைத் தளர்த்திவிட்டுப் போனால் பெல்ட்டும் நீளாது, மேல் சக்கரத்தின் தாங்கியும் தேயாது.